பேதுரு மறுதலிக்காமல் இருந்திருக்க முடியுமா?

#1 விளக்குத்தண்டு

வாலிபர் வேதபாட வகுப்பு எடுக்கிறேன். போன வாரம் லூக்கா 22: இயேசு பிடிபடும் இரவு, சீஷரான பேதுரு அவரைத் தெரியாது என்று சொல்லும் பகுதி. "சேவல் கூவுகிறதற்கு முன்னே மூன்றுதரம் மறுதலிப்பாய்" என்று இயேசு சொல்வதும், அது அப்படியே நடப்பதும், பேதுரு வெளியே போய் மனங்கசந்து அழுவதும். பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி கை தூக்கினாள்.

"அக்கா, இயேசு சொன்ன பிறகு பேதுருவால் மறுதலிக்காமல் இருந்திருக்க முடியுமா? முடியும் என்றால் இயேசுவின் வார்த்தை பொய்யாகியிருக்கும். முடியாது என்றால் அவர் எதற்கு அழ வேண்டும்?"

"தேவனுக்கு எல்லாம் முன்னமே தெரியும், ஆனாலும் நமக்குச் சுயசித்தம் இருக்கிறது" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். புரிந்து ஆட்டிய தலை இல்லை அது. இனி கேட்டுப் பயனில்லை என்று ஆட்டியது. ஒரு வாரமாக அது என்னை உறுத்துகிறது. இரண்டு வாக்கியங்களை அருகருகே வைத்து நடுவில் ஒரு "ஆனாலும்" போட்டேன், வேறென்ன செய்தேன்?

வருகிற ஞாயிறு அவளுக்கு நேர்மையாக ஏதாவது சொல்ல வேண்டும். "அது பரம இரகசியம், ஆராயக் கூடாது" என்ற பதில் மட்டும் வேண்டாம். கடைசியில் அங்கேதான் போய் நிற்போம் என்றாலும், நடந்து போய் நிற்கலாம்.

#2 புதிய வாசகன்

அக்கா, இது அவ்வளவு சிக்கலா? இந்தப் பையன் பரீட்சையில் தேறமாட்டான் என்று வாத்தியாருக்கு முன்பே தெரியும். அவருக்குத் தெரிந்ததாலா அவன் தோற்றான்? படிக்காததால் தோற்றான். தெரிவது வேறு, செய்ய வைப்பது வேறு.

#3 தீராத ஐயம்

நண்பரே, வாத்தியார் கணிப்பு தவறலாம். பையன் கடைசி ஒரு வாரம் விழுந்து விழுந்து படித்துத் தேறிவிட்டால் "நான் தப்பாக நினைத்துவிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போவார். உங்கள் உவமை பொருந்துவதே வாத்தியார் தவறக்கூடியவர் என்பதால்தான். தேவன் தவற முடியாதவர் என்கிறீர்கள். அந்தப் பெண்ணின் கேள்வியே அந்த "முடியாது"வில்தான் இருக்கிறது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் விசுவாசத்தை விட்டு விலகி வந்தவன். வாதத்தில் ஜெயிக்க இங்கே வரவில்லை. இதே கேள்வியை அதே வயதில் நானும் கேட்டேன். எனக்கு "ஆனாலும்" கூடக் கிடைக்கவில்லை, திட்டுதான் கிடைத்தது.

#4 பழைய ஏடு

நான் கத்தோலிக்கன். என் சொற்கள் கொஞ்சம் மாறியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பெண்ணின் கேள்வி கிட்டத்தட்ட இதே வடிவில் 1,600 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. புனித அகுஸ்தினார் சுதந்திர மனத்தைப் பற்றி எழுதிய உரையாடலில், மூன்றாம் பகுதியில், அவரோடு உரையாடும் நண்பர் எவோதியுஸ் கேட்பது இதுதான்: மனிதன் பாவம் செய்வான் என்று கடவுள் முன்னறிந்தால், அவன் பாவம் செய்யாமல் எப்படி இருப்பான்? அகுஸ்தினார் ஞாபகத்தை எடுத்துக் காட்டுகிறார். நேற்று நடந்தது உங்கள் ஞாபகத்தில் இருக்கிறது. ஞாபகம் வைத்திருப்பதால் நீங்கள் அதை நடக்க வைத்துவிடவில்லை. கடவுளின் முன்னறிவும் அப்படியே, நடக்கப்போவதைக் கட்டாயப்படுத்தாமலே அறிகிறது.

அடுத்து போயத்தியுஸ் என்ற ரோமத் தத்துவவாதி. 524-ஐ ஒட்டிய ஆண்டுகளில், மரண தண்டனையை எதிர்நோக்கிச் சிறையில் இருந்தபடி எழுதியவர். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகும். நாளை தன்னைக் கொல்லப்போகிறார்கள் என்று அறிந்த மனிதர் உட்கார்ந்து யோசித்தது, கடவுள் நாளையை எப்படி அறிகிறார் என்று! அவர் கண்ட பதில்: "முன்" என்ற சொல்லே நம்முடையது. கடவுளுக்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. முடிவில்லாத வாழ்வு முழுவதையும் ஒரே கணத்தில் நிறைவாகக் கொண்டிருப்பதுதான் நித்தியம். ஆகவே அவர் எதிர்காலத்தை எட்டிப் பார்ப்பதில்லை. எல்லாவற்றையும் இப்போது பார்க்கிறார்.

அவர் தரும் காட்சி ஒன்று. சூரியன் எழுகிறது, அதே நேரம் தரையில் ஒருவன் நடக்கிறான். இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்கிறீர்கள். சூரியன் எழாமல் இருக்க முடியாது. அவன் நடக்காமல் இருந்திருக்கலாம். உங்கள் பார்வை அந்த வித்தியாசத்தை அழித்துவிடுவதில்லை. நீங்கள் பார்க்கும் அந்த நொடியில் அவன் நடப்பது நிச்சயம்தான், அதற்காக அவன் கட்டாயத்தின் பேரில் நடக்கிறான் என்று ஆகிவிடாது.

இந்த "நிச்சயம்" எந்த இடத்தில் உட்காருகிறது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். "கடவுள் அறிந்தால் அது நடக்கும், இது நிச்சயம்" என்பது ஒன்று. "கடவுள் அறிந்தது, நடந்தே தீர வேண்டிய கட்டாயத்தால் நடக்கிறது" என்பது வேறொன்று. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் பாலம் கிடையாது. அந்த வகுப்பில் எல்லாரும் பாலம் இருப்பதாக நினைத்துக் கடந்துவிட்டீர்கள்.

#5 தீராத ஐயம்

ஐயா, அழகாகச் சொன்னீர்கள். பாலம் இல்லை என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே ஆற்றுக்கு இன்னொரு பாலம் இருக்கிறது.

1965-ல் நெல்சன் பைக் என்ற தத்துவவாதி ஒரு கட்டுரை எழுதினார். சாரம் இதுதான். ஒருவர் சனிக்கிழமை புல் வெட்டுகிறார். அவர் வெட்டுவார் என்று எண்பது ஆண்டுகளுக்கு முன்பே கடவுள் நம்பினார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு வெட்டாமல் இருக்கும் திறன் இருந்தது என்றால், அது எதைச் செய்யும் திறன்? கடவுளின் நம்பிக்கையைத் தவறாக்கும் திறனா? அது நடக்காது. எண்பது ஆண்டுக்கு முன் கடவுள் நம்பியதை மாற்றும் திறனா? கடந்த காலத்தில் யாருக்கும் கை வைக்க முடியாது. இரண்டும் இல்லையென்றால் என்ன திறன் மிச்சமிருக்கிறது?

போயத்தியுஸின் நித்தியத்தை வைத்து இதிலிருந்து தப்பலாம், கடவுள் "எண்பது ஆண்டுக்கு முன்" எதையும் நம்பவில்லை என்று சொல்லி. ஆனால் பேதுரு விஷயத்தில் அந்த வழியும் அடைபடுகிறது. அந்தச் சொல் நித்தியத்தில் நிற்கவில்லை. ஒரு பந்தியில், ஒரு இரவில், சீஷர்களின் காதில் விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பேதுரு முற்றத்தில் நெருப்பண்டை நிற்கும்போது அது கடந்த காலம். ஒலித்து அடங்கிவிட்ட குரல். அதை யார் திரும்ப எடுப்பது?

#6 பழைய ஏடு

//ஒலித்து அடங்கிவிட்ட குரல்//

இதைப் படித்துவிட்டு எழுந்து போய்க் கொஞ்சம் நடந்துவிட்டு வந்தேன்.

பதினான்காம் நூற்றாண்டில் ஓக்கம் வில்லியம் என்ற பிரான்சிஸ்கன் துறவி இதற்கு ஒரு வழி சொன்னார். கடந்த காலத்தைப் பற்றிய உண்மைகள் எல்லாம் ஒரே மாதிரி இறுகிப்போனவை இல்லை என்பது அவர் கருத்து. நான் ஒரு உதாரணம் சொல்கிறேன். 1990-ல் ஒரு குழந்தை பிறந்தது. 2015-ல் அந்தப் பெண் மருத்துவரானாள். "1990-ல் ஒரு வருங்கால மருத்துவர் பிறந்தார்" என்று இன்று சொல்கிறோம். 1990-ஐப் பற்றிய வாக்கியம்தான். ஆனால் அது மெய்யானது 1990-ல் நடந்ததால் மட்டும் இல்லை. 2014-ல் அவள் படிப்பை விட்டிருந்தால் அந்த வாக்கியம் பொய். கடந்த காலத்துக்குள் கைவிட்டு எதையும் மாற்றாமலே, கடந்த காலத்தைப் பற்றிய ஓர் உண்மை அவள் கையில் இருந்தது. கடவுளின் முன்னறிவும் இந்த வகை என்றார் ஓக்கம்.

கடவுளின் மனத்தில் இருக்கும் அறிவுக்கு இது பொருந்தும் என்று நினைக்கிறேன். காதில் விழுந்த குரலுக்குப் பொருந்துமா என்றால், தயங்குகிறேன். அங்கே நீங்கள் சொல்வதில் பலம் இருக்கிறது.

#7 களிமண்

சீர்திருத்த சபையைச் சேர்ந்தவன். மேலே உள்ள இரண்டு பெரியவர்களும் ஒன்றை ஆராயாமலே ஏற்றுக்கொண்டு பேசுகிறார்கள்: நடக்கப்போவது எங்கோ தனியாக இருக்கிறது, தேவன் அதைப் பார்க்கிறார் என்று. வேதம் அப்படிப் பேசுகிறதா?

அப்போஸ்தலர் 2:23-ஐப் பாருங்கள். "தேவன் நிர்ணயித்திருந்த ஆலோசனையின்படியேயும், அவருடைய முன்னறிவின்படியேயும்" ஒப்புக்கொடுக்கப்பட்டவரை "நீங்கள்" கொலைசெய்தீர்கள். நிர்ணயம் முதலில் வருகிறது. அடுத்த மூச்சிலேயே குற்றம் அவர்கள் மேல் வருகிறது. பேதுரு இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுத் தடுமாறவே இல்லை. கவனியுங்கள், சொன்னது அதே பேதுரு.

ரோமர் 8:29-லும் "எவர்களை முன்னறிந்தாரோ" என்றுதான் இருக்கிறது. எவற்றை என்று இல்லை. ஆமோஸ் 3:2-ல் "உங்களைமாத்திரம் அறிந்துகொண்டேன்" என்கிறார். மற்ற ஜாதிகளைப் பற்றி அவருக்குத் தகவல் இல்லை என்று அதற்கு அர்த்தமா? வேதத்தில் அறிதல் என்பது பல இடங்களில் தெரிந்துகொள்ளுதல், சொந்தமாக்குதல். அதனால்தான் எங்கள் சபை மரபின் முன்னோடி கால்வின், தேவன் முன்னறிவது தாம் தீர்மானித்ததையே என்றார்.

அப்படியானால் மனுஷன் பொம்மையா? இல்லை. பேதுருவை யாரும் வாயைப் பிடித்துத் திறந்து "அறியேன்" என்று சொல்ல வைக்கவில்லை. பயந்தார். உயிர் மேல் ஆசைப்பட்டார். தாம் விரும்பியதைச் செய்தார். ஒருவன் தன் விருப்பத்தின்படி செய்கிறான் என்றால் அது அவன் செயல். விருப்பமே எங்கிருந்தும் வராமல் வெறுமையில் முளைக்க வேண்டும் என்று கேட்பது சுயாதீனம் ஆகாது, அது தாயத்தை உருட்டுவதுபோல் ஆகிவிடும். 1646-ல் எழுதி முடித்த வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையின் மூன்றாம் அதிகாரம் தேவ தீர்மானத்தைச் சொன்ன கையோடு, இதனால் தேவன் பாவத்துக்குக் காரணர் ஆவதில்லை, சிருஷ்டிகளின் சித்தம் பலவந்தப்படுத்தப்படுவதும் இல்லை என்று வேலி கட்டுகிறது.

யோசேப்பை விற்ற அவருடைய சகோதரர்கள் தீமை நினைத்தார்கள். தேவன் அதே செயலில் நன்மை நினைத்தார். செயல் ஒன்று, நினைவு இரண்டு.

#8 விளக்குத்தண்டு

சகோதரரே, உங்கள் வசனங்களை மறுக்க எனக்குப் படிப்பு போதாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து, "பேதுரு மறுதலிக்க வேண்டும் என்று தேவன் தீர்மானித்தார், பிறகு அதற்காகப் பேதுரு அழுதார்" என்று சொல்ல முடியுமா என்று கண்ணை மூடி யோசித்தேன். என் வாய் வரவில்லை. இதை வாதமாகச் சொல்லவில்லை, என் நிலைமையைச் சொல்கிறேன்.

#9 களிமண்

புரிகிறது அக்கா. எனக்கும் எளிதாக வருவதில்லை. கோதுமையைச் சுளகினால் புடைப்பதுபோல சீஷர்களைப் புடைக்கச் சாத்தான் "உத்தரவு கேட்டுக்கொண்டான்" என்று லூக்கா 22:31-ல் இருக்கிறதே, அதைப் பிடித்துக்கொள்கிறேன். உத்தரவு இல்லாமல் அந்த இரவில் ஒன்றும் நடக்கவில்லை. சுளகு சாத்தான் கையில் இருந்தது, களம் அவனுடையது இல்லை. அது எனக்கு ஆறுதலாக இருக்கிறது. எல்லாருக்கும் அப்படி இருக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன்.

#10 மூன்றாம் மணி

அக்கா, 1 சாமுவேல் 23-ஐ எடுத்துப் படியுங்கள். இந்த விவாதத்தில் எனக்கு மிகப் பிடித்த பகுதி.

தாவீது கேகிலாவைப் பெலிஸ்தரிடமிருந்து காப்பாற்றி அந்த ஊரில் தங்கியிருக்கிறான். அவனைக் கொல்லத் தேடும் சவுல் ராஜா வரப்போவதாகச் செய்தி. தாவீது இரண்டு கேள்வி கேட்கிறான். சவுல் வருவானா? கர்த்தர், வருவான் என்கிறார். ஊரார் என்னை அவன் கையில் ஒப்புக்கொடுப்பார்களா? ஒப்புக்கொடுப்பார்கள் என்கிறார். உடனே தாவீது ஏறக்குறைய அறுநூறு பேரோடு ஊரை விட்டு வெளியேறுகிறான். அதைக் கேட்ட சவுல் புறப்படவே இல்லை.

இப்போது பாருங்கள். சவுல் வரவில்லை, ஊரார் ஒப்புக்கொடுக்கவில்லை. கர்த்தர் சொன்னது பொய்யா? ஒருக்காலும் இல்லை. "நீ இங்கே இருந்தால்" என்ற நிபந்தனை சொல்லாமலே உள்ளே இருந்தது. அப்படியானால் நடக்கப்போவது மட்டும் தேவனுக்குத் தெரியும் என்பதில்லை; இன்ன மனுஷன் இன்ன சூழ்நிலையில் நின்றால் தன் சொந்த விருப்பத்தால் என்ன செய்வான் என்பதும் தெரியும். தீருவிலும் சீதோனிலும் இந்த அற்புதங்கள் செய்யப்பட்டிருந்தால் அவர்கள் அப்பொழுதே மனந்திரும்பியிருப்பார்கள் என்று இயேசு சொல்வதும் (மத்தேயு 11:21) இதே ஜாதி அறிவு.

லூயிஸ் தெ மொலினா என்ற இயேசு சபைக் குரு 1588-ல் லிஸ்பனில் வெளியிட்ட நூலில் இதற்கு "நடு அறிவு" என்று பெயர் வைத்தார். நடக்கக்கூடியவை எல்லாவற்றையும் அறிவது ஒரு பக்கம், தாம் தீர்மானித்த உலகில் நடக்கப்போவதை அறிவது மறுபக்கம், இது இரண்டுக்கும் நடுவில்.

இப்போது அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். "பேதுருவால் மறுதலிக்காமல் இருந்திருக்க முடியுமா? முடியும் என்றால் இயேசு பொய்யராகிவிடுவாரே." இதில் ஒரு கண்ணி இருக்கிறது. இயேசுவின் சொல்லை முதலில் ஆணியடித்து நிறுத்திவிட்டு, பிறகு பேதுருவை மட்டும் அசைத்துப் பார்க்கிறாள். ஆனால் சொல் எதிலிருந்து வந்தது? பேதுரு என்ன செய்வார் என்று அறிந்ததிலிருந்து. பேதுரு அந்த முற்றத்தில் உறுதியாக நிற்கக்கூடிய ஆளாக இருந்திருந்தால், இயேசு அந்த இரவில் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கவே மாட்டார். வேறு எதையோ சொல்லியிருப்பார். வார்த்தை பொய்யாகும் நிலையே வராது.

தீராத ஐயம் அண்ணா, ஒலித்த குரலை யாரும் திரும்ப எடுக்க வேண்டியதில்லை. அந்தக் குரலே பேதுருவின் தெரிவைத் தொட்டுத்தான் எழுந்தது.

#11 விளக்குத்தண்டு

இது! இதை அவளுக்குச் சொல்லலாம். "இருந்திருந்தால், இயேசு அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டார்." இரண்டு முறை சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன்.

#12 தீராத ஐயம்

தம்பி, நல்ல பதில். மனதாரச் சொல்கிறேன், நான் பதினைந்து வயதில் கேட்டிருக்க வேண்டிய பதில். அதனாலேயே இதை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்க்கிறேன்.

கேகிலா ஊரார் ஒப்புக்கொடுக்கவில்லை. அப்படி ஒரு செயல் எந்தக் காலத்திலும் நடக்கவில்லை. "இருந்தால் ஒப்புக்கொடுப்பார்கள்" என்ற வாக்கியம் மெய் என்கிறீர்கள். எது அதை மெய்யாக்குகிறது? ஊராரின் சுபாவம் என்றால், சுபாவமே முடிவு செய்துவிட்டது. களிமண் சொன்ன இடத்துக்கு வந்துவிட்டீர்கள். தேவனின் தீர்மானம் என்றாலும் அதே கதை. இரண்டும் இல்லை, அந்தரத்தில் நிற்கிறது என்றால், நிற்காத ஒன்றைத் தேவன் எப்படி அறிகிறார்?

இன்னொன்றும் உண்டு. இன்ன முற்றம், இன்ன குளிர், இன்ன வேலைக்காரி, இன்ன கேள்வி, இப்படி வைத்தால் இவன் விழுவான் என்று அறிந்துகொண்டே அந்த முற்றத்தை அமைப்பவர், தள்ளிவிடவில்லை என்று மட்டும் சொன்னால் போதுமா?

#13 மூன்றாம் மணி

முதல் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். "நேற்று அவளைச் சந்தித்திருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன்" என்று நாம் எல்லாரும் பேசுகிறோம், அது சில வேளை மெய், சில வேளை பொய் என்றும் நினைக்கிறோம். எது மெய்யாக்குகிறது என்று விளக்கத் தெரியாததால் அப்படிப்பட்ட மெய்யே இல்லை என்று யாரும் விட்டுவிடுவதில்லை.

இரண்டாவது கேள்விதான் என்னை அதிகம் குத்துகிறது. அன்றைக்கே தோமினிக்கன் சபையார் மொலினாவோடு கடுமையாக மோதினார்கள், தோமிங்கோ பான்யேஸ் தலைமையில். அவர்களுக்கு உறுத்தியது வேறு பக்கம்: இறையருளின் வல்லமை மனிதன் சம்மதத்துக்குக் காத்து நிற்கிறதா என்று. ரோமில் இதற்கென்றே ஒரு குழு 1598-லிருந்து விசாரித்தது. 1607-ல் ஐந்தாம் பவுல் பாப்பரசர் தீர்ப்புச் சொல்லாமலே முடித்துவைத்தார். இரண்டு தரப்பும் தத்தம் கருத்தைப் போதிக்கலாம், ஒருவர் மற்றவர் மேல் கடுமையாகக் கண்டன முத்திரை குத்தக் கூடாது என்று.

#14 பழைய ஏடு

அந்த 1607 முடிவை நான் ஒரு தோல்வியாக நினைத்துக்கொண்டிருந்தேன் முன்பு. இப்போது அப்படி நினைப்பதில்லை. பத்தாண்டு விசாரித்துவிட்டு "இருவரும் திருச்சபைக்குள்ளேயே இருங்கள்" என்று சொல்வதற்கு ஒரு தைரியம் வேண்டும். புராட்டஸ்டண்ட் பக்கம் 1618-19-ல் நெதர்லாந்தில் நடந்த தோர்த் மாநாடு வேறு விதமாகப் போயிற்று, கால்வினின் முன்குறிப்புப் போதனையை ஏற்காத ஆர்மீனியுஸைப் பின்பற்றிய போதகர்கள் பலர் பதவி இழந்தார்கள். களிமண் கோபித்துக்கொள்ளக் கூடாது.

#15 களிமண்

கோபம் இல்லை ஐயா. போதகர்களை நாட்டை விட்டு அனுப்பியதை நான் நியாயப்படுத்த மாட்டேன். அந்த மாநாட்டின் போதனையை ஏற்கிறேன்.

#16 நினிவேயின் நிழல்

ஏன் யாரும் நேரான வழியை எடுக்கவில்லை? ஆதியாகமம் 22:12-ல் ஆபிரகாமிடம் "நீ தேவனுக்குப் பயப்படுகிறவன் என்று இப்பொழுது அறிந்திருக்கிறேன்" என்கிறார். இப்பொழுது! நினிவே நாற்பது நாளில் கவிழ்க்கப்படும் என்றார், ஜனங்கள் திரும்பினார்கள், கவிழ்க்கவில்லை. சுயாதீனமான செயல் இன்னும் நடக்கவில்லை என்றால் அதில் அறிவதற்கே எதுவும் இல்லை. தேவன் அறியத்தக்க எல்லாவற்றையும் அறிகிறார், எதிர்காலம் திறந்திருக்கிறது. இறையியலாளர் கிளார்க் பின்னாக்கும் இன்னும் நால்வரும் 1994-ல் சேர்ந்து வெளியிட்ட நூலுக்குப் பிறகு இது பரவலாகப் பேசப்படுகிறது. இதில் முரண்பாடே எழாது.

#17 மூன்றாம் மணி

நினிவேக்கு உங்கள் விளக்கம் பொருந்தலாம், அது எச்சரிப்பு. எரேமியா 18-ல் குயவன் வீட்டில் கர்த்தரே அந்த நிபந்தனையை விளக்குகிறார். பேதுருவுக்குப் பொருந்தவில்லை. பேதுருவின் கோழைத்தனம் தெரிந்து இயேசு ஊகித்தார் என்று வைத்தாலும், "நீ தடுமாறுவாய்" என்று ஊகிக்கலாம். மூன்றுதரம் என்று எண்ணிச் சொல்வதும், சேவலுக்கு முன் என்று நேரம் குறிப்பதும் ஊகமா? மூன்றாவது ஆள் வந்து கேட்காமல் போயிருந்தால்? சேவல் சீக்கிரம் கூவியிருந்தால்? "என் நாவில் சொல் பிறவாததற்குமுன்னே" என்ற 139-ஆம் சங்கீதத்தையும் நான் விட முடியாது.

#18 காத்திருக்கும் தாய்

நான் படித்தவள் இல்லை. இதையெல்லாம் மூன்று நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன், பாதி புரிகிறது.

என் மகன் வீட்டை விட்டுப் போய் நாலு வருஷம். குடி. எங்கே இருக்கிறான் என்று தெரியும், பேச மாட்டான். தினமும் ராத்திரி அவனுக்காக ஜெபிக்கிறேன். ஒருவர் என்னிடம், "அம்மா, அவன் திரும்புவானா மாட்டானா என்று கர்த்தருக்கு முன்னமே தெரியும், நீங்கள் கண்ணீர் விட்டு மாறப்போவது ஒன்றுமில்லை, சமாதானமாக இருங்கள்" என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். அன்றையிலிருந்து முழங்கால் போட்டால் வார்த்தை வரவில்லை. தெரிந்துபோன விஷயத்துக்கு நான் எதற்குக் கேட்க வேண்டும் என்று தோன்றுகிறது. தலையெழுத்து என்று எங்கள் பாட்டி சொன்னதும் இதுவும் ஒன்றுதானா?

#19 பழைய ஏடு

அம்மா, ஒன்று இல்லை. தலையெழுத்து என்றால், நீங்கள் என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் அது நடக்கும். நம் விசுவாசம் அப்படிச் சொல்வதில்லை. உங்களுக்குச் சிரமம் இல்லையென்றால் அப்போஸ்தலர் 27-ஐ வாசியுங்கள்.

பவுல் கைதியாகக் கப்பலில் போகிறார். பல நாள் புயல், சூரியனும் இல்லை நட்சத்திரமும் இல்லை. தூதன் வந்து, கப்பல் போகும், ஆனால் ஓர் உயிரும் போகாது என்று சொல்லிவிட்டான். பவுல் அதை எல்லாருக்கும் அறிவித்தும்விட்டார். தெரிந்துபோன விஷயம். பதினான்காம் இரவு. கரை நெருங்குகிற மாதிரித் தெரிந்து ஆழம் பார்க்கிறார்கள்: இருபது பாகம், கொஞ்சம் தள்ளிப் பதினைந்து பாகம். பாறையில் மோதுமோ என்று பயந்து பின்னணியத்திலிருந்து நான்கு நங்கூரம் போட்டுவிட்டு, எப்போது விடியும் என்று இருக்கிறார்கள். அந்த இருட்டில் கப்பலாட்கள், முன்னணியத்தில் நங்கூரம் போடுவதுபோல் பாசாங்கு செய்து, படவை இறக்கித் தாங்கள் மட்டும் தப்பப் பார்க்கிறார்கள்.

பவுல் என்ன செய்தார்? "ஓர் உயிரும் போகாதென்று தேவனே சொல்லிவிட்டார், யார் போனால் என்ன" என்று சும்மா இருந்தாரா? நூற்றுக்கு அதிபதியிடம், "இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பிப்பிழைக்கமாட்டீர்கள்" என்றார். போர்ச்சேவகர் கயிற்றை அறுத்துப் படவை விழவிட்டார்கள். மறுநாள் 276 பேரும், சிலர் நீந்தி, சிலர் பலகை பிடித்து, கரையேறினார்கள்.

அறுக்கப்பட்ட கயிறும் அந்த வாக்குத்தத்தத்துக்குள்ளே இருந்தது. கடவுள் முடிவை மட்டும் அறிந்திருக்கவில்லை, அந்தக் கயிற்றையும் அந்தக் கத்தியையும் சேர்த்தே அறிந்திருந்தார். உங்கள் மகன் திரும்புவதை அவர் அறிந்திருந்தால், அதில் உங்கள் இரவுகளையும் சேர்த்துத்தான் அறிந்திருப்பார் அம்மா.

#20 களிமண்

ஐயா சொன்னதற்கு ஆமென். நாங்கள் இதைப் பற்றி எத்தனையோ பக்கம் எழுதியிருக்கிறோம், இவ்வளவு எளிதாக இல்லை. அம்மா, மகனின் முதல் எழுத்தை மட்டும் சொல்லுங்கள் போதும். இன்று இரவு ஜெபிக்கிறேன்.

#21 விளக்குத்தண்டு

அம்மா, உங்களுக்காக நானும் ஒன்று கண்டேன். நான் வகுப்பெடுத்த அதே அதிகாரம், அதே பக்கம், எத்தனை முறை வாசித்திருப்பேனோ, கண்ணில் படவில்லை.

லூக்கா 22:32. "நானோ உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன், நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து."

"குணப்பட்டால்" என்று சொல்லவில்லை. "குணப்பட்டபின்பு." பேதுரு திரும்பி வருவார் என்று இயேசுவுக்குத் தெரியும். விழுவது எவ்வளவு நிச்சயமாகத் தெரியுமோ, எழுவதும் அவ்வளவு நிச்சயமாகத் தெரியும். அப்படித் தெரிந்தவர், அதே வாக்கியத்தில், "வேண்டிக்கொண்டேன்" என்கிறார். உங்களிடம் அந்த ஆள் சொன்ன கணக்குப்படி பார்த்தால் இயேசுவே ஜெபித்திருக்கத் தேவையில்லை. ஜெபித்தார். முடிவு தெரிந்த ஒரே ஆள் அந்த மேசையில் அவர்தான், ஜெபித்ததாகச் சொல்வதும் அவர்தான்.

#22 காத்திருக்கும் தாய்

எங்கள் வீட்டுப் பைபிளிலும் அப்படித்தான் இருக்கிறது. விரலை வைத்து வாசித்தேன். பின்பு என்று இருக்கிறது.

அவன் பெயர் "ஜெ"வில் ஆரம்பிக்கும்.

#23 தீராத ஐயம்

என் வாதம் அப்படியேதான் நிற்கிறது, யாரும் அதை முழுவதுமாக அவிழ்க்கவில்லை. அதைச் சொல்லாமல் போனால் நேர்மையாக இருக்காது. ஆனால் இத்தனை வருஷமாக முன்னறிவு என்றாலே பூட்டு என்று நினைத்திருந்தேன். 32-ஆம் வசனத்தில் அது பூட்டாக இல்லை. விழப்போகிறவனிடம், விழுவதற்கு முன்பே, நீ திரும்பி வருவாய், வந்த பிறகு உனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லி வைப்பது. இந்தக் கோணத்தில் எனக்கு யாரும் காட்டியதில்லை.

அம்மா, எனக்கு ஜெபிக்க வராது. உங்கள் மகனை நினைத்துக்கொள்கிறேன்.

#24 விளக்குத்தண்டு

ஞாயிறு வகுப்பு முடிந்து வந்து எழுதுகிறேன்.

முதலில் அவளிடம், போன வாரம் நான் சரியாகப் பதில் சொல்லவில்லை என்று ஒத்துக்கொண்டேன். பிறகு கேகிலா கதை. "பேதுரு உறுதியாக நிற்பவராக இருந்திருந்தால் இயேசு அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டார்" என்றதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்போ பேதுரு செய்ததைத்தான் இயேசு சொன்னார், இயேசு சொன்னதைப் பேதுரு செய்யலை" என்றாள். நான் இருபது நிமிடம் எடுத்துச் சொன்னதை ஒரு வரியில் சொல்லிவிட்டாள்.

எல்லாருக்கும் இது திருப்தி தராது, வேறு விதமாக விளக்குகிற விசுவாசிகளும் உண்டு, விசுவாசிக்காத ஒருவர் கேட்ட கேள்விக்கு எங்களிடம் முழுப் பதில் இல்லை என்பதையும் சொன்னேன். இரண்டு கரிநெருப்பையும் வாசித்தோம்: யோவான் 18-ல் பேதுரு குளிர்காய்ந்து மறுதலித்த நெருப்பு, 21-ல் உயிர்த்தெழுந்த இயேசு கரையில் போட்டுவைத்திருந்த நெருப்பு. மூன்றுதரம் "அறியேன்", மூன்றுதரம் "என்னை நேசிக்கிறாயா."

கிளம்பும்போது வாசலில் நின்று திரும்பி அடுத்ததைக் கேட்டாள். "அக்கா, யூதாசைப் பற்றியும் இயேசுவுக்கு முன்னமே தெரியும்தானே. அவனுக்காகவும் வேண்டிக்கொண்டாரா?"

அடுத்த வாரம் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

#25 பழைய ஏடு

வேண்டிக்கொண்டார் என்று எங்கும் எழுதியில்லை மகளே. "அந்த மனுஷன் பிறவாதிருந்தானானால் அவனுக்கு நலமாயிருக்கும்" என்ற பயங்கரமான சொல் இருக்கிறது, அதை அவளிடமிருந்து மறைக்காதீர்கள்.

யோவான் 13-ஐயும் கூடவே வாசித்துக் காட்டுங்கள். காட்டிக்கொடுக்கப்போகிறவனை அவர் அறிந்திருந்தார் என்று பதினோராம் வசனம் சொல்கிறது. யூதாஸ் எழுந்து வெளியே போவது முப்பதாம் வசனத்தில். கால்களைக் கழுவித் துடைத்தது அதற்கு முன்பு.